செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன்

நீலகிரியிலும் வால்பாறையிலும் ஏற்காட்டிலும் கொடைக்கானல் மலைக் கிராமங்களிலும் பழைய ஃபோர்வீல் ஜீப் ஓட்டுபவர்களுக்கும், அவற்றை வைத்திருப்பவர்களுக்கும், அவற்றுக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்யும் தோழர்களுக்கும் ஒரு கடிதம்.

செல்ஃப் சில நேரம் எடுக்கிறது, சில நேரம் எடுப்பதில்லை என்ற புகாரோடு பட்டறைக்கு வரும் பழைய ஜீப்புக்கு நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் பேட்டரி மாறும். சில வாரம் வண்டி ஒழுங்காக ஓடும். பிறகு அதே தொல்லை வரும்; செல்ஃப் மோட்டார் கழற்றப்பட்டு கார்பன் பிரஷ், புஷ், சோலினாய்டு எல்லாம் புதிதாகும். அதற்கும் அடங்கவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச் மாறும். மூன்று பில் கட்டியபின்னும் ஒரு மழைநாளில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தம்தான் கேட்கும். நான் சொல்ல வருவது இதுதான்: வந்து வந்து போகும் இந்தக் கோளாறில் கழற்றி வீசப்படும் பாகம் பெரும்பாலும் குற்றவாளி இல்லை. பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் நடுவில் எங்கோ ஒரு இணைப்பு வோல்டேஜைத் தின்றுகொண்டிருக்கிறது. அது எங்கே, எவ்வளவு தின்கிறது என்பதைச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டரால் எண்ணாகவே காட்டிவிட முடியும். அந்த எண் கைக்கு வரும்வரை எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. மாற்றிப் பார்க்கும் பழக்கம் எலக்ட்ரீஷியன் மட்டும் உண்டாக்கியதும் இல்லை. வண்டிக்காரர்களாகிய நமக்கும் அதில் பங்குண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் மலைகளில் இன்னும் ஓடும் பழைய வண்டிகளில் நிறைய மஹிந்திராவின் பழைய டீசல் ஜீப்புகள். 1980-களின் நடுவில் வந்த எம்.எம். 540-இல் பியூஜோ உரிமத்தில் செய்த 2112 சி.சி. டீசல் இன்ஜின், பின்னால் வந்த ஜீப்புகளில் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின். எதிலும் கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்கேனரை மாட்டிப் படிக்க வேண்டிய பிழைக் குறியீடும் கிடையாது. ஸ்டார்ட் ஆவதற்கான மின்பாதை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. இந்த ஜீப்புகளின் மூதாதையான இரண்டாம் உலகப்போர் கால வில்லிஸில் அது இன்னும் எளிமை: 6 வோல்ட் பேட்டரி, தரையில் காலால் மிதிக்கும் கனமான சுவிட்ச், அடுத்தது நேராக மோட்டார். நம்முடைய 12 வோல்ட் வண்டிகளில் அந்தக் கால் சுவிட்சின் வேலையைச் சோலினாய்டு செய்கிறது. அதனால் பாதை இரண்டாகப் பிரிந்துவிட்டது. தடித்த கேபிள் வழியாகப் பேட்டரியிலிருந்து சோலினாய்டின் செப்புத் தட்டைத் தாண்டி மோட்டாருக்குள் போய், இன்ஜின் உடம்பு வழியாகவும் எர்த் பட்டை வழியாகவும் பேட்டரிக்குத் திரும்புவது பெரிய பாதை. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்கு ஏறி, அம்மீட்டர் இருந்தால் அதையும் தாண்டி, சாவி சுவிட்சுக்குள் புகுந்து, மெல்லிய வயரில் இறங்கி, சோலினாய்டின் சின்ன டெர்மினலுக்கு வருவது சிறிய பாதை. தொல்லை எந்தப் பாதையில் என்று தெரியாமல் ஸ்பானரைக் கையில் எடுப்பது குருட்டு வேலை.

பெரிய பாதையைப் பாருங்கள். இரண்டு லிட்டர் டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் 200 முதல் 400 ஆம்பியர் வரை இழுக்கும். 300 என்று வைத்துக்கொள்வோம். ஓம் 1827-இல் எழுதி வைத்த விதி நமக்கும் பொருந்தும்: வழியில் ஓரிடத்தில் 0.005 ஓம் தடை இருந்தாலே 300 ஆம்பியரில் 1.5 வோல்ட் அங்கே போய்விடும். ஓமின் இருநூறில் ஒரு பங்கு என்பது பேட்டரி டெர்மினலில் பூத்த மெல்லிய வெள்ளைப் படிவம், லக்குக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் துரு, பெயிண்ட் மேலேயே முடுக்கிய எர்த் போல்ட், இவற்றில் ஏதோ ஒன்றுக்குச் சாதாரணம். 1.5 வோல்டை 300 ஆம்பியரால் பெருக்கினால் 450 வாட். அவ்வளவு சூடு அந்தச் சின்ன இணைப்பில் இறங்குகிறது. அதனால்தான் நாலைந்து முறை செல்ஃப் அடித்தபின் கையை வைத்தால் கெட்ட இணைப்பு மட்டும் சுடும். மீட்டர் இல்லாதவருக்கு அதுவே ஒரு மீட்டர். சூட்டில் உலோகம் விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது, கற்பாதையில் அதிர்கிறது, மூடுபனியில் ஈரம் ஏறுகிறது. இதனால் அந்தத் தடை ஒரே அளவில் நிற்காது. இன்று 0.002 ஓம், நாளை 0.01. கோளாறு வந்து போவதற்குக் காரணம் இவ்வளவுதான். வண்டிக்கு மனநிலை எதுவும் கிடையாது.

இங்கேதான் நம் பட்டறைகளில் இரண்டு கருவிகள் நம்மை ஏமாற்றுகின்றன. ஒன்று, மீட்டரைப் ‘பீப்’ சத்தத்தில் வைத்துக் கேபிளின் இரு முனையையும் தொட்டுப் பார்ப்பது. கேபிளுக்குள் நூறு இழை அறுந்து ஒரே ஒரு செப்பிழை மிச்சமிருந்தாலும் மீட்டர் ‘பீப்’ என்று கத்தும். ஓம் அளவில் வைத்தாலும் பயனில்லை. மீட்டரின் சொந்த வயருக்கே பத்தில் சில பங்கு ஓம் உண்டு. அதை வைத்து 0.005-ஐப் பிடிக்க முடியாது. இன்னொன்று டெஸ்ட் லேம்ப். 5 வாட் பல்பு அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கிறது. அது எரிகிறது என்பதை வைத்து 300 ஆம்பியர் போகும் என்று முடிவு செய்வது, ஒற்றை ஆள் சந்தில் நுழைந்து வெளியே வந்துவிட்டான் என்பதற்காக அதே சந்தில் தேரை இழுத்து விடுவதைப் போன்றது. பாதையின் தகுதி பாரம் ஏறும்போதுதான் தெரியும். ஆகவே செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போதோ, சுற்ற முயன்று நிற்கும்போதோ அளந்தால்தான் அது அளவு.

அளக்கும் முறை எளிது. மீட்டரை டி.சி. 20 வோல்டில் வையுங்கள். இன்ஜின் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஸ்டாப் கேபிளை இழுத்து வைத்திருங்கள்; மின் சோலினாய்டால் டீசல் நிற்கும் வண்டியானால் அதன் வயரைக் கழற்றுங்கள். கியர் நியூட்ரலில், சக்கரத்துக்குக் கல். முதலில் பேட்டரியின் இரண்டு ஈயக் கம்பத்திலும் மீட்டரை வைத்து இன்னொருவரை சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும் (கிளாம்பில் வைக்காதீர்கள், கம்பத்தின் நடுவில் குத்துங்கள்) மறுமுனையை செல்ஃபில் பேட்டரி கேபிள் வந்து சேரும் பெரிய போல்ட்டிலும் வைத்து மறுபடி திருப்பச் சொல்லுங்கள். இப்போது மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்டேஜ். அரை வோல்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கம் நல்லது. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃபின் உடம்புக்கும் நடுவில். அங்கே 0.3-ஐத் தாண்டினால் எர்த்தில் கோளாறு. பிறகு சோலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவில், அதிலும் 0.3-க்கு மேல் தொலைந்தால் உள்ளே செப்புத் தட்டு தேய்ந்திருக்கிறது. எங்கே அதிகமாகத் தொலைகிறதோ அந்தத் துண்டை மட்டும் இன்னும் சின்னத் துண்டுகளாக்கி அளந்தால் குற்றவாளி இணைப்பு தானே வெளிவரும். ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், நடுவில் ஆறவிடுங்கள்.

மீட்டர் இல்லாமல் நடுக்காட்டில் நிற்கும்போதும் பாதி உண்மையைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் துளியும் குறையாமல் நின்றால் பெரிய மின்சாரம் ஓடவே இல்லை. சிறிய பாதையிலோ, எர்த் பட்டையிலோ, சோலினாய்டின் தட்டிலோ, பிரஷ்ஷிலோ அறுபட்டிருக்கிறது. வெளிச்சம் மங்கி செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது மோட்டாரின் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உள்ளே உரசலாம். விளக்கு மொத்தமாக அணைந்து, சாவியை விட்டதும் திரும்ப வந்தால் முதலில் பேட்டரி டெர்மினலைத் திருகிப் பாருங்கள். சத்தமும் சாட்சி சொல்லும். ‘டகடகடக’ என்ற தொடர் சத்தம் வந்தால் சோலினாய்டு இழுக்கிறது, பெரிய மின்சாரம் ஓட முயன்றதும் வோல்டேஜ் சரிகிறது, சோலினாய்டின் பிடி விட்டுவிடுகிறது, வோல்டேஜ் எழுந்ததும் மறுபடி இழுக்கிறது என்று பொருள். பேட்டரி அல்லது கெட்ட இணைப்பு. ஒற்றை ‘டக்’ சத்தத்தோடு விளக்கு மங்காமல் நின்றால் தட்டோ பிரஷ்ஷோ. சத்தமே இல்லை என்றால் எல்லோரும் சிறிய பாதையைத்தான் சந்தேகிப்பார்கள். அங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சோலினாய்டுக்குள் இரண்டு சுருள்: இழுக்கும் சுருள், பிடிக்கும் சுருள். இழுக்கும் சுருள் எர்த்துக்குத் திரும்புவது மோட்டாரின் பிரஷ் வழியாக. பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரைத் தொடாமல் நின்றால் அந்தச் சுருளுக்கு வழி இல்லை. பிடிக்கும் சுருள் தனியாக இழுக்கத் திராணியற்றது. ஆகவே சத்தமே வராததற்கும் பிரஷ் காரணமாக இருக்கலாம். செல்ஃபின் உடம்பை ஸ்பானரால் லேசாகத் தட்டியதும் எடுத்துக்கொள்ளும் வண்டிகள் இந்த ரகம். (புதுக் காந்த ரக மோட்டார்களைத் தட்டக் கூடாது, உள்ளே காந்தம் விரிசல் விடும். சுருள் கட்டிய பழைய மோட்டார் தாங்கும்.)

ஃபோர்வீல் வண்டியில் மட்டும் ஏன் இது இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு என் பதில் எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் உள்ள ஒரே நேர்மையான மின்தொடர்பு பின்னல் செம்புப் பட்டைதான். லோ ரேஞ்சில் பாறை ஏறும்போது இன்ஜின் ஒரு பக்கமாகத் திமிறுகிறது. ஒவ்வொரு திமிறலுக்கும் அந்தப் பட்டை வளைகிறது. ஓடைத் தண்ணீர், சேறு, செம்மண். பல வருஷத்தில் பட்டை உள்ளுக்குள் பச்சை பிடித்து இழை இழையாக அறுகிறது. கிளட்ச் வேலைக்கு இன்ஜினை இறக்கி ஏற்றும்போது அதைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவதும் உண்டு. அப்படி அறுந்த நிலையில் மின்சாரம் வேறு வழி தேடும்: ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹேண்ட்பிரேக் கம்பி. அவை சில ஆம்பியரைத் தாங்கும், 300-ஐத் தாங்காது. காரணம் தெரியாமல் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுகிப் பிடித்துக்கொண்டாலோ அதன் உறை உருகினாலோ கேபிளை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள். செல்ஃபும் இந்த வண்டிகளில் தாழ்வான இடத்தில், பெல் ஹவுசிங்கின் பக்கத்தில் தொங்குகிறது. இன்ஜின் ஆயிலும் கிளட்ச் தூசியும் ஓடைச் சேறும் நேராக அதன் மேல்தான். இவை மோட்டாரைக் கெடுக்கும் என்பது உண்மை. அதே சேறு அதன் போல்ட்டுகளையும் லக்குகளையும் அதற்கு முன்பே கெடுத்துவிடுகிறது என்பதும் உண்மை.

சிறிய பாதைக்கு வேறு நோய். சாவி சுவிட்சிலிருந்து இறங்கும் மெல்லிய வயரில் சோலினாய்டு முதல் நொடியில் முப்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. பிடித்தபின் பத்து அளவுக்கு இறங்கிவிடும். அந்த வயரிலும் சுவிட்சிலும் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தால் மூன்று வோல்ட் அளவுக்கு வழியிலேயே போய்விடும்; ஒன்பது வோல்டில் சோலினாய்டு இழுக்கலாம், இழுக்காமலும் போகலாம். இதோடு சூட்டையும் சேருங்கள். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுகிறது. 25 டிகிரியில் இருந்த சுருள் மலையேறி நிறுத்திய இன்ஜினின் பக்கத்தில் 100 டிகிரிக்குச் சூடானால் அதன் தடை முப்பது சதவீதம் அளவுக்கு ஏறியிருக்கும். இழுக்கும் வலுவும் அதற்கேற்ப இறங்கியிருக்கும். காலையில் ஒழுங்காக எடுத்த வண்டி டீக்கடையில் நிறுத்தி எடுக்கும்போது மட்டும் படுத்துவதும், அரை மணி ஆறினால் சரியாவதும் இதனால்தான். இக்னிஷன் வயரிலிருந்து ஃபாக் லேம்ப்புக்கு, ஸ்டீரியோவுக்கு, மொபைல் சார்ஜருக்கு, ஜி.பி.எஸ். கருவிக்கு என்று இன்சுலேஷன் டேப் சுற்றிப் பிரித்த ஒவ்வொரு இணைப்பும் இந்தப் பாதையில் உட்கார்ந்திருக்கிறது. அம்மீட்டர் உள்ள பழைய வண்டிகளில் செல்ஃபுக்குப் போகும் பெரிய மின்சாரத்தைத் தவிர மற்ற எல்லாமே அதன் பின்பக்கத்து இரண்டு நட்டுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் ஒன்று தளர்ந்தால் வண்டியே செத்ததுபோல் நிற்கும், பானட்டைத் தட்டினால் உயிர் வரும்.

சின்ன டெர்மினலுக்கு ஒரு ரிலே போட்டால் போதுமே என்பார்கள். போடலாம். சாவி சுவிட்ச் ரிலேயின் அற்ப மின்சாரத்தை மட்டும் சுமக்கும். சோலினாய்டுக்குப் பேட்டரியிலிருந்து நேர்வழி கிடைக்கும். நல்ல திருத்தம், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் சின்ன டெர்மினலில் பேட்டரியைவிட ஒரு வோல்டுக்கு மேல் குறைகிறது என்று அளந்து தெரிந்தபின் போடுங்கள். எர்த் பட்டை அறுந்த வண்டிக்கு ரிலே போட்டு என்ன பயன்?

இனி எதிர்வாதங்கள். வலுவானது இதுதான்: “நீங்கள் என்ன சொன்னாலும், புது செல்ஃப் போட்டதும் சரியாகிவிட்டதே.” சரியானது பொய் இல்லை, காரணம்தான் சந்தேகம். செல்ஃபைக் கழற்ற வேண்டுமானால் முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுகிறோம். திரும்ப மாட்டும்போது உரசிச் சுத்தம் செய்து முடுக்குகிறோம். செல்ஃபின் பெரிய போல்ட்டிலிருந்து லக் வெளியே வருகிறது, புது போல்ட்டில் புது வாஷரோடு உட்காருகிறது. செல்ஃபின் முகம் பெல் ஹவுசிங்கில் உட்காரும் இடமும் அதன் எர்த் பாதைதான். அங்கேயும் துரு சுரண்டப்படுகிறது. சின்ன டெர்மினலின் கிளிப் கழன்று மாட்டப்படுகிறது. அதாவது ஒரு பாகத்தை மாற்றும் சாக்கில் நாலைந்து இணைப்புகள் புதுப்பிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் எது வண்டியைக் குணமாக்கியது என்று முன்பும் பின்பும் அளக்காதவரால் சொல்லவே முடியாது. கழற்றிய பழைய செல்ஃபையே பெஞ்சில் ஓட்டிப் பார்க்காமல் அப்படியே திரும்ப மாட்டியிருந்தாலும் சில வாரம் நன்றாக ஓடியிருக்கலாம். தொல்லை திரும்பி வந்ததற்கும் இதே விளக்கம்: சுத்தமான இணைப்பு மறுபடி அழுக்கானது, அல்லது தொடப்படாத இணைப்பே உண்மையான குற்றவாளி. செல்ஃப் ஒருபோதும் கெடாது என்று நான் வாதிடவில்லை. கேபிளிலும் எர்த்திலும் சோலினாய்டிலும் வோல்டேஜ் தொலையவில்லை, செல்ஃப் சுற்றும்போதும் பேட்டரி 9.6-க்குக் கீழே இறங்கவில்லை, ஆனாலும் மோட்டார் திணறுகிறது என்றால் குற்றம் மோட்டாரில்தான். அப்போது தாராளமாகக் கழற்றுங்கள்.

இரண்டாவது எதிர்வாதம் எலக்ட்ரீஷியன்களுடையது: “பட்டறையில் நிற்கும்போது தொல்லை வருவதே இல்லை, எதை அளப்பது?” நியாயமான கேள்வி. ஆனால் வந்து போகும் கோளாறில் வந்து போவது அறிகுறிதான். தடை அங்கேயே இருக்கிறது, குறைந்த அளவில். வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகும் நாளிலும் நல்ல கேபிளில் கால் வோல்ட் தொலைய வேண்டிய இடத்தில் முக்கால் வோல்ட் தொலைந்துகொண்டிருக்கும். அந்த முக்கால் நாளை இரண்டாகும்போது வண்டி நிற்கும். அதனால் ஸ்டார்ட் ஆகும் வண்டியிலும் அளவு பேசும். அப்படியும் பேசவில்லை என்றால் கோளாறை அழைத்து வரலாம்: செல்ஃப் சுற்றும்போது கேபிளை ஒருவர் அசைக்கட்டும், மலையேற்றி இன்ஜினைச் சூடாக்கி உடனே அளக்கலாம், சந்தேகப்படும் இணைப்பில் தண்ணீர் தெளிக்கலாம். அதிலும் சிக்காத வண்டிக்கு சின்ன டெர்மினலிலிருந்து ஒரு மெல்லிய வயரை, முனையில் ஃபியூஸோடு, டேஷ்போர்டுக்கு இழுத்து ஒரு சின்ன பல்பில் கொடுத்து ஓட்டுநரிடம் விட்டுவிடுங்கள். அடுத்த முறை எடுக்காதபோது பல்பு எரிந்ததா இல்லையா என்பதை அவர் சொன்னாலே தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும். சோலினாய்டின் செப்புத் தட்டு மட்டும் இதற்குக் கொஞ்சம் விலக்கு. அது ஒவ்வொரு இழுப்பிலும் சற்றே திரும்பி உட்காருகிறது, கருகிய இடம் எப்போது முன்னால் வரும் என்று சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டு முறை அளந்து மிக மோசமான எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

“பெரிய பேட்டரியாகப் போட்டுவிடுங்கள், மலைக்குளிருக்கு அதுதான் சரி” என்பது மூன்றாவது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்குகிறது. அந்தக் குளிரில் பேட்டரியின் தெம்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். கெட்டியான ஆயிலால் இன்ஜின் கேட்கும் தெம்போ கூடும். ஆகவே குளிர் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பெரிய பேட்டரியும் 12 வோல்ட்தான். வழியில் இரண்டு வோல்ட் தொலைந்தால் அதிலிருந்தும் இரண்டு வோல்ட் தொலையும். அதோடு ஆல்டர்னேட்டரின் சார்ஜும் பெரும்பாலும் அதே டெர்மினல், அதே எர்த் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. 14.2 வோல்ட் புறப்பட்டு 13.6 வந்து சேர்ந்தால் பேட்டரி எந்நாளும் அரைப்பசியில் கிடக்கும். அரைப்பசியில் கிடக்கும் ஈயத் தகட்டில் சல்ஃபேட் படியும். புதுப் பேட்டரியும் சீக்கிரம் செத்துவிடும். கம்பெனி மேல் கோபப்படும் முன், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக் கம்பத்தில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.

“முழு வயரிங்கையும் மாற்றிவிட்டால் என்ன?” சில வண்டிகளுக்கு அதுவே சரி. ஆனால் கேபிளை வாங்கும்போது எடையைப் பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது செம்பாக விற்கப்படுகிறது, அதன் கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. 35 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்பு ஒன்றரை மீட்டர் நீளத்தில் 300 ஆம்பியருக்குத் தொலைப்பது கால் வோல்டுக்கும் குறைவு. லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்கினால் அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது. அதற்குரிய கிரிம்பிங் கருவி வேண்டும்.

சரிவில் நிறுத்தி உருட்டி எடுப்பதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. மலைக்காரர்களுக்கு அது கைவந்த கலை, அவசரத்துக்கு உதவும். ஆனால் சோலினாய்டின் பெரிய போல்ட்டையும் சின்ன டெர்மினலையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்து ஸ்டார்ட் செய்வது வேறு. லோ ரேஞ்சில் முதல் கியரில் நிற்கும் ஜீப்பை செல்ஃப் மோட்டார் தனியாகவே நகர்த்திவிடும். அந்த நேரம் அதைத் தொட்டுக்கொண்டிருப்பவர் வண்டிக்கு அடியிலோ சக்கரத்துக்கு முன்னாலோ குனிந்திருப்பார். சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜன் விடும், அதற்கு ஒரு தீப்பொறி போதும் என்பதையும் மறக்காதீர்கள். சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஸ்க்ரூடிரைவரை விட்டுவிட்டு ஒரு வயரால் தொடுங்கள், நியூட்ரலை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை என்பது வேறு நோய். பழைய டீசலில் ஹீட்டர் பிளக்குக்கு மின்சாரம் வருகிறதா, டீசல் நிறுத்தும் சோலினாய்டு திறக்கிறதா, டீசல் லைனில் காற்று நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தேடலை செல்ஃபோடு குழப்பாதீர்கள். பட்டறைக்குப் போனதும் முதலில் சொல்ல வேண்டியது “சுத்தலையா, சுத்தியும் பிடிக்கலையா” என்பதைத்தான்.

கடைசியாகக் காசு. பாகத்துக்கு ஐயாயிரம் கேட்டால் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறோம். இரண்டு மணி நேரம் அளந்து, ஒரு போல்ட்டைச் சுரண்டி முடுக்கி, ஐந்நூறு கேட்டால் “ஒரு நட்டு முடுக்கினதுக்கா?” என்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது, மாற்றுவதற்கு மட்டும் உண்டு என்றால் எந்த எலக்ட்ரீஷியனும் மாற்றத்தான் செய்வார்; அவருக்கும் வாடகை இருக்கிறது, பையனுக்குச் சம்பளம் இருக்கிறது. ஆகவே வண்டிக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: அளப்பதற்கென்று ஒரு கூலியை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், பாகம் எதுவும் மாறாவிட்டாலும் அதைக் கொடுங்கள். எலக்ட்ரீஷியன்களுக்கு: பில்லில் பாகத்தின் பெயருக்கு மேலே இரண்டு வரி எழுதுங்கள். வேலைக்கு முன் பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு தொலைந்தது, எர்த் பக்கம் எவ்வளவு. வேலைக்குப் பின் எவ்வளவு. ஆறு மாதம் கழித்து வண்டி அதே புகாரோடு வந்தால் அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம். அந்த எண்களைத் தர மறுக்கும் பட்டறையில் செல்ஃபைக் கழற்ற நான் சம்மதிக்க மாட்டேன், நீங்களும் சம்மதிக்காதீர்கள்.

அன்புடன்,
பழைய ஜீப்புகளின் நலம் நாடும் ஒருவன்